எண்பத்தொரு புள்ளிக்கு ஒரு ‘சி’

போன மாதம் எங்கள் பழைய கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசினாள். பரீட்சைக் கிளையில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான்.

“கமலா அக்கா, இனி மெடிக்கல் சேட்டிபிகேட் எல்லாம் பிள்ளைங்க போன்லயே அனுப்பலாமாம். கவுண்டர மூடப் போறாங்க. அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளால தலைய விட்டுக்கிட்டு இத்தன வருஷம் எப்படித்தான் இருந்தீங்க?” என்று கேட்டாள்.

சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தக் கவுண்டரில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றிப் புதிதாக வந்தவர்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை. எனது பணிக்கோப்பில் அது ஒரு பக்கக் கடிதமாக இருக்கிறது. கடிதத்தில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் மாத்தளை டவுனில் பிறந்தவள். அப்பா பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து, தட்டச்சுப் பழகி, டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்த ஒரு சிறிய பல்கலைக்கழக வளாகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். வளாகத்தின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. முதல் இரண்டு வருடம் கடித உறைகளில் முகவரி எழுதினேன். மூன்றாம் வருடம் பரீட்சைக் கிளைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

எனக்கு வேலை பழக்கியவர் ஹேரத் சேர். சிரேஷ்ட உதவிப் பதிவாளர். கலேவெலக்காரர், நெல் விதைக்கும் குடும்பம். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் என்ன பிரச்சினையோடு ஓடி வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்தத் திகதி?” திகதியைச் சொன்ன பிறகுதான் மிச்சத்தைக் கேட்பார். தமிழ் ஓரளவு விளங்கும், பேச வராது. எங்களுக்குள் எல்லாம் சிங்களம்தான்.

எங்கள் வேலையை ஒரு பந்தியில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எடை உண்டு. அதைக் கிரெடிட் என்போம். ‘ஏ’ எடுத்தால் நான்கு, ‘பீ’ எடுத்தால் மூன்று, ‘சி’ எடுத்தால் இரண்டு. எழுத்தோடு பிளஸ் வந்தால் தசம் மூன்று கூடும், மைனஸ் வந்தால் குறையும். அந்த எண்ணைப் பாடத்தின் எடையால் பெருக்கி, எல்லாப் பாடத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வருவதுதான் ஜீபீஏ. மூன்று வருடப் பட்டத்துக்குத் தொண்ணூறு கிரெடிட். ஜீபீஏ இரண்டுக்குக் கீழே போனால் பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். மூன்று தசம் மூன்று பூச்சியம் என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. மூன்று தசம் இரண்டு ஒன்பது என்றால் கீழ்ப்பிரிவு. இதற்கு நடுவில் வேறொன்றும் இல்லை.

ஒரு தடவை ஒரு பெரிய பதவிக்காரர் ஹேரத் சேரிடம் தொலைபேசியில், “இன்னும் தசம் பூச்சியம் ஒன்று தானே, போட்டுவிடுங்கள்” என்று கேட்டார். சேர் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொன்னார். “சேர், அதைக் கஷ்டப்பட்டு எடுத்த பிள்ளைகளின் பெயர்களும் இதே தாளில் இருக்கின்றன. அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?” அவ்வளவுதான். வைத்துவிட்டு உட்கார்ந்து பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

இதைக் கேட்டு அவரைக் கல்மனசுக்காரர் என்று நினைக்க வேண்டாம். முதலாம் வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்று தசம் ஒன்பது நான்கு வந்தது. வில்கமுவப் பக்கத்திலிருந்து வந்தவள். எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்குப் போனால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்று கவுண்டரில் நின்று அழுதாள். கடிதத்தை நிறுத்த முடியாது. சேர் அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையில் உட்கார வைத்தார். பழைய தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். “இந்தத் தவணையில் உன்னிடம் பதினைந்து கிரெடிட். ஒரு பாடத்தில் மட்டும் ‘சி மைனஸ்’, மற்றதெல்லாம் ‘சி’. அடுத்த தவணையிலும் பதினைந்து. எல்லாவற்றிலும் ‘சி’ எடு. ஒரேயொரு பாடத்தில் ‘சி பிளஸ்’ எடு. சரியாக இரண்டுக்கு வந்துவிடுவாய். பார், நீயே கூட்டிப் பார்.” அவள் கூட்டிப் பார்த்தாள். சரியாக இரண்டு வந்தது. அந்தக் கணக்கைக் கடிதத்தின் அடியில் தட்டச்சு செய்யச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் எச்சரிக்கைக் கடிதம் ஒவ்வொன்றின் அடியிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கும். அதைப் போடுவது என் வேலை. எண்கள் மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான்.

பெறுபேறு வெளியாவதற்கு முன் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. கணினி வந்த பிறகும் சேர் அதை விடவில்லை. ஒருவர் பரீட்சகரின் தாளிலிருந்து புள்ளியை வாசிக்க வேண்டும். மற்றவர் கணினித் தாளில் உள்ள தரத்தைப் பார்த்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தரத்துக்குப் பக்கத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அந்தப் பிள்ளை அந்தப் பாடத்தை இரண்டாம் முறையாக எழுதியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் முறை எழுதினால் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் ‘சி’ தான். நூற்றுக்கு நூறு எடுத்தாலும் ‘சி’. நோயால் முதல் முறை எழுத முடியாமல் போய், பதினான்கு நாளுக்குள் மெடிக்கல் கொடுத்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்டால் மட்டும் அந்தத் தடை கிடையாது. சேர் ஒவ்வொரு ‘ஆர்’ க்கும் கோப்பை எடுத்துக் காட்டச் சொல்வார். “இந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் ஒரு வருஷம் இருக்கிறது. காரணம் தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்பார்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை இறுதி வருடத் தாளை வாசித்துக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்த பிள்ளை புள்ளிவிபரவியல் பாடத்துக்கு, “எண்பத்தொன்று” என்றாள். என் தாளில் ‘சி ஆர்’ என்று இருந்தது.

“திரும்பச் சொல்லு.”

“எண்பத்தொன்று, அக்கா.”

அந்தப் பாடத்தில் அந்த வருடம் எண்பதைத் தாண்டியவர்கள் மொத்தம் இரண்டு பேர். பெயரைப் பார்த்தேன். சிவலிங்கம் தர்ஷினி. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து முகவரி. மொத்த ஜீபீஏ மூன்று தசம் இரண்டு ஆறு. கீழ்ப்பிரிவு. பென்சிலை எடுத்துச் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ‘சி’ ‘ஏ’ ஆக இருந்திருந்தால் மூன்று தசம் மூன்று இரண்டு.

கோப்பை எடுத்தேன். முந்தின வருடம் பரீட்சை நேரத்தில் டெங்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். மெடிக்கல் இருந்தது. மெடிக்கலில் இருந்த திகதி வெள்ளிக்கிழமை. பரீட்சை நடந்து சரியாகப் பதினான்காவது நாள். அதன் மேல் எங்கள் கந்தோரின் வட்ட முத்திரை. முத்திரையில் இருந்த திகதி திங்கட்கிழமை. பிந்திக் கிடைத்ததால் நிராகரிக்கப்பட்டது என்று கீழே எழுதியிருந்தது. முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த சுருக்கொப்பம் என்னுடையது.

அந்தத் தாள் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் ஈரம் பட்டு ஊறிக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மனிதரின் முகம் வந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. மழை. கவுண்டர் மூன்று மணிக்கு மூட வேண்டும். மூடியதும் பதிவேட்டில் அன்றைய கடைசிக் கடிதத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, எத்தனை கடிதம் என்று எழுதி, சேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் மூன்று அடிக்கும்போதே கோட்டைப் போட்டுவிட்டேன். தலையை நிமிர்த்தினால் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார்.

“அம்மா, இத மட்டும் வாங்கிக்கங்க.”

“கவுண்டர் மூடியாச்சு அண்ணே. திங்கக்கிழம வாங்க.”

“பரவாயில்லயாம்மா? திங்கக்கிழம குடுத்தா போதுமா?”

“போதும், போதும்” என்றேன்.

அந்தத் தாளை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கோடு போட்ட பிறகு ஒரு கடிதம் ஏற்றுவதென்றால் சேரிடம் போய்க் காரணம் சொல்லி இரண்டாவது கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றேகாலுக்கு டவுன் பஸ். விஷயம் அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் ஜன்னலைத் திறந்தபோது அவர்தான் முதல் ஆள். “இன்னைக்கு மொத ஆளா வந்துட்டேம்மா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முத்திரையைக் குத்தினேன்.

அன்றைக்கு நான் “போதும்” என்று சொன்னது யாருக்கும் தெரியாது. இரண்டு நாளில் பெறுபேறு வெளியாகிவிடும். அடுத்த மாதம் என் பதவி உயர்வுக்கு நேர்முகப் பரீட்சை வேறு இருந்தது. கோப்பை மூடி, அடுத்த பெயரை வாசிக்கச் சொன்னேன். மூன்று பெயர் போனது. நாலாவது பெயரில் என் கை தாளில் தவறான இடத்தில் புள்ளி வைத்தது. எழுந்து சேரின் அறைக்குப் போனேன்.

“எந்தத் திகதி?” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். முடிந்ததும் பரீட்சை விதிப் புத்தகத்தை எடுத்தார். அது அவருக்கு மனப்பாடம். ஆனாலும் பக்கத்தைத் திறந்து விரலை வைத்து வாசித்தார்.

“பதினான்கு நாளுக்குள் என்றுதான் இருக்கிறது. மூன்று மணி என்று எங்கே இருக்கிறது?”

“கவுண்டர் அறிவித்தலில் சேர்.”

“அது நான் எழுதிய அறிவித்தல். விதி இல்லை.” புத்தகத்தை மூடினார். “நீங்கள் செய்தது பெரிய பிழை, கமலா. உங்களுக்குக் கடிதம் வரும். அதை நான்தான் எழுத வேண்டி வரும். தெரியும் தானே?”

“தெரியும் சேர்.”

“சரி. இந்தப் பிள்ளையின் பெறுபேற்றை மட்டும் நிறுத்தி வைக்கிறேன். நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துப் பரீட்சைச் சபை நம்பாது. அந்த அப்பா வெள்ளிக்கிழமை வந்ததற்கு ஏதாவது எழுத்து வேண்டும். போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம். பிழை நம்முடையது, நாம்தான் போக வேண்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தோட்டை பஸ் ஏறினேன். கடைசியில் இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே தோட்டத்து ரோட்டில் முக்கால் மணி நடை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி மாட்டுக்கொட்டில். சிவலிங்கம் அண்ணன் வாளியில் பாலோடு வெளியே வந்தார். தேயிலை பெக்டரியில் வேலை, இரண்டு பசுமாடும் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் வெளிறிப் போனது.

“கெம்பஸ் அம்மா தானே? பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையா? பேரு போர்டுல இல்லன்னு அழுதுகிட்டே இருக்கா.”

“பிள்ளை மேல ஒரு பிழையும் இல்ல அண்ணே. உங்ககிட்ட ஒன்னு கேக்க வந்தேன்.”

உள்ளே கூட்டிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். தர்ஷினி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். மெல்லிய பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்து “மிஸ்” என்று மட்டும் சொன்னாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. கோப்பையை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஒரு பாடம் எப்படி மூன்று வருடப் படிப்பைக் கீழே இழுத்தது என்று சிவலிங்கம் அண்ணனுக்கு விளங்கவில்லை. நான் கிரெடிட், எடை என்று சொல்லப் போனேன். அவரே இடைமறித்தார்.

“இருங்கம்மா. பால் லொறிக்காரன் கண்ணாடிக் குழாய விட்டுப் பார்ப்பான். பத்து போத்தல் கெட்டிப் பாலுல ஒரு போத்தல் தண்ணி விழுந்தா, அந்த ஒரு போத்தல மட்டும் தனியா எடுத்து வீசிற முடியாது. மொத்த வாளிக்கும்தான் தரத்தக் கொறைப்பான். அப்படியா?”

“அப்படித்தான் அண்ணே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப அந்தத் தண்ணிய ஊத்துனது நான்தான்.”

“நீங்க இல்ல. நான்” என்றேன். “அந்த வெள்ளிக்கிழம நீங்க நாளுக்குள்ள வந்துட்டீங்க. அன்னைக்கு வாங்கியிருந்தா சரியாப் போயிருக்கும். நான்தான் வாங்கல. திங்கக்கிழம போதும்னு சொன்னதும் நான்தான்.”

தர்ஷினி கதவடியில் நின்றாள். “வெள்ளிக்கிழமையா?” என்றாள். “அப்பா, நீங்க வெள்ளிக்கிழம போனீங்களா?”

“போனேன் தாயி. ஆஸ்பத்திரியில மெடிக்கல வாங்குன கையோட போயிட்டேன். ஆனா நேரம் போயிருச்சு. அதான் பிந்திட்டேன்னு சொன்னேன்.”

“எத்தன மணிக்குப் போனீங்க?” என்று நான் கேட்டேன்.

“மணி பார்க்கலம்மா. கேட்டுல அந்தச் சிக்யூரிட்டி ஐயா அடையாள அட்டைய வாங்கிப் பொத்தகத்துல எழுதினாரு. எழுதிட்டு உள்ள வந்தேன். உங்க ஜன்னலுக்கு முன்னால பெரிய லைன். நானும் நின்னேன். பிள்ளைங்க எல்லாம் பஸ்ஸுக்கு அவசரம், பாடத்துக்கு அவசரம்னு நின்னாங்க. படிக்கிற பிள்ளைங்க தானே, எனக்கு என்ன அவசரம், நீங்க போங்க நீங்க போங்கன்னு விட்டேன். என் முறை வரக்குள்ள நீங்க கோடு போட்டுட்டீங்க.”

தர்ஷினி உள்ளே போய்விட்டாள். நான் கொண்டுபோன தாளில் அவர் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். எழுந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ, வீடு தேடி வந்து இப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா” என்று பதறி, ஒரு போத்தல் பாலை என் கையில் திணித்தார். அதை வாங்கிக்கொண்டு இறங்குவதைவிட அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ் நிற்கும் இடம் வரை தர்ஷினி கூட வந்தாள். பாதி வழியில் பேசத் தொடங்கினாள்.

“மிஸ், அந்த மெடிக்கல ஏத்துக்க முடியாதுன்னு லெட்டர் வந்த நாள்லயிருந்து நான் அப்பாகூட ஒழுங்கா பேசுறதில்ல. மாமா வீட்டு விசேஷத்துல எல்லாரும் இருந்தாங்க. என்ன கிளாஸ் வரும்னு கேட்டாங்க. ஒரு கடுதாசிய நேரத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்கத் தெரியாத மனுசன் எனக்கு அப்பா, வேற என்ன வரும்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும். அப்பா அப்பவும் ஒன்னும் சொல்லல.”

என் மேல் கோபப்படும்படி சொன்னேன்.

“உங்க மேலயும் கோபம்தான் மிஸ்” என்றாள். மறைக்காமல் சொன்னாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது.

திங்கட்கிழமை காலை சேரிடம் கேட் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். பழைய புத்தகங்கள் காவலர் அறைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் இருந்தன. சேரே என்னோடு வந்து குந்தியிருந்து தேடினார். மூன்றாவது புத்தகத்தில் அந்தத் திகதி இருந்தது. காவலர் பண்டார சிங்களத்தில் எழுதியிருந்தார்: எஸ். சிவலிங்கம், அடையாள அட்டை இலக்கம், பரீட்சைக் கிளை, உள்ளே வந்தது இரண்டு நாற்பது, வெளியே போனது மூன்று பத்து. சேர் அந்த வரியின் கீழே விரலை வைத்தார். “இருபது நிமிஷம் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறார்” என்றார். “என் கண்ணுக்கும்தான். என் அறைக் கதவு திறந்தேதான் இருந்திருக்கும்.”

மூன்று வாரம் கழித்துச் சபை கூடியது. நான் எழுதிய வாக்குமூலத்தை நானே எழுந்து வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடிந்ததும் ஒரு பேராசிரியர் கேட்டார்: “இந்தப் பிள்ளை உங்களுக்குச் சொந்தமா?”

ஏன் அப்படிக் கேட்டார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் தமிழ்ப் பிள்ளை, நானும் தமிழ். “இல்லை” என்று மட்டும் சொன்னேன்.

ஹேரத் சேர் எழுந்து கேட் புத்தகத்தை அவர் முன்னால் கொண்டுபோய்த் திறந்து வைத்தார். “இந்த வரியை எழுதியவர் பண்டார, சேர். அவருக்கும் அந்தப் பிள்ளை சொந்தமில்லை.” குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. பிறகு விதியை வாசித்தார். பதினான்கு நாள் என்றால் அந்த நாள் முடியும் வரை என்றார். மூன்று மணி அறிவித்தல் தன்னுடையது, அதில் ஒரு பிள்ளையின் உரிமை போனால் பொறுப்பும் தன்னுடையது, அதை எழுத்தில் தந்திருப்பதாகவும் சொன்னார். அப்படி ஒரு கடிதம் அவர் கொடுத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘ஆர்’ போனது. ‘சி’ இருந்த இடத்தில் ‘ஏ’ வந்தது. மூன்று தசம் மூன்று இரண்டு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அவளுடைய பாடப் பிரிவில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு மேற்பிரிவு இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப முடிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் கையில் பெறுபேற்றுத் தாள் கிடைத்தது. அந்த வேலையும் கிடைத்தது.

எனக்கும் என் கடிதம் கிடைத்தது. ஹேரத் சேரே எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே தந்தார். ஒரு வார்த்தைகூட மென்மையாக இல்லை. “வாசித்துப் பாருங்கள், பிழை ஏதும் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். பிழை இல்லை. அந்த முறை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அடுத்த பட்டியல் வர இரண்டு வருடம் எடுத்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் அழுதேன். ஆனால் அந்தப் புதன்கிழமை கோப்பை மூடிவிட்டு அப்படியே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது அந்த அழுகை நின்றுவிடும்.

தர்ஷினி பெறுபேற்றுத் தாளை வாங்க வந்த நாளில், தாளை வாங்கிய பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“மிஸ், இன்னொரு லெட்டர் வேணும்.”

“என்ன லெட்டர்?”

“அப்பா அன்னைக்கு நேரத்துக்கு வந்தாருன்னு. கெம்பஸ் லெட்டர் ஹெட்ல. மாமா வீட்டுல எல்லார் முன்னாலயும் நான் வாசிக்கணும். நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். அப்பா அத விடு தாயிங்கிறாரு. ஆனா நான் சொன்னத அவங்க எல்லாரும் கேட்டாங்க தானே மிஸ்.”

அப்படி ஒரு கடிதம் எங்கள் படிவங்களில் இல்லை. சேரிடம் போய்ச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. “தமிழில் எழுதுங்கள்” என்றார். எழுதிக்கொண்டு போனேன். “வாசியுங்கள்” என்றார். வாசித்தேன். ‘சுமார் மூன்று மணிக்கு முன்னர்’ என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

“‘சுமார்’ என்றால் என்ன?”

சொன்னேன்.

“அது வேண்டாம். அந்த மனிதர் சுமாராக வரவில்லை. புத்தகத்தில் உள்ள நேரத்தைப் போடுங்கள்.”

திருத்தி எழுதினேன். இலக்கம் போட்டு, கையெழுத்து வைத்து, முத்திரையைத் தானே குத்தினார். தர்ஷினி அதை நின்ற இடத்திலேயே ஒரு முறை வாசித்தாள். மாமா வீட்டு விசேஷம் வரை காத்திருக்க அவளால் முடியவில்லை போலிருக்கிறது. தாழ்வாரத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

“அப்பா, லெட்டர் தந்துட்டாங்க. வாசிக்கிறேன், கேளுங்க.”

இலக்கத்திலிருந்து தொடங்கினாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. ‘மேற்படி வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, திரு. எஸ். சிவலிங்கம் அவர்கள் உரிய காலத்துக்குள் இவ்வலுவலகத்துக்குச் சமுகமளித்தார். தாமதம் அவருடையது அன்று.’

முடிந்ததும் அந்தப் பக்கத்தில் அப்பா ஏதோ சொன்னார். தர்ஷினி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடிதத்தை மறுபடியும் விரித்தாள்.

“சரிப்பா. அந்த நேரம் இருக்கிற எடத்த மட்டும் இன்னொருக்கா வாசிக்கிறேன். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு.”